கயிறு கட்டிய கைப்பிடி

எங்கள் வீட்டு மாடிப்படியின் கைப்பிடியைக் கயிற்றால் கட்டியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இதில் வருகிற மற்றவர்கள் எல்லோரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள்.

அப்பா இறந்த பிறகு சாந்தோம் வீடு அம்மாவுக்கும் எனக்கும் வந்தது. மாதா கோயிலிலிருந்து கடற்கரைக்குப் போகும் சந்துகளில் ஒன்றில் இருந்த பழைய மாடி வீடு. அண்ணன் ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தான். எனக்கு இருபத்தாறு வயது. கோயிலின் பங்குப் பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கணக்கும் பூகோளமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அதைப் பற்றி அம்மா கவலைப்பட்ட அளவுக்கு நான் கவலைப்படவில்லை.

மாடியில் இரண்டு அறைகளை ஒரு பைண்டருக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். மவுண்ட் ரோடு அச்சகம் ஒன்றில் புத்தகங்களுக்கு அட்டை போடுகிற வேலை அவருக்கு. வீட்டுக்குள் உருது பேசுவார்கள். எங்களோடு பட்டணத்துத் தமிழ். அவர் மனைவிக்குப் பத்தொன்பது வயதிருக்கும். அவர்களுடைய அறைகளுக்குப் பின்னால் திறந்த தளம் இருந்தது. எங்கள் துணியும் அம்மாவின் மிளகாயும் அங்கேதான் காயும். ஆகவே வீட்டின் பக்கவாட்டில் வெளியே இருந்த மரப்படியில் அவர்களும் ஏறினார்கள், நாங்களும் ஏறினோம். இந்த விவரம் அப்போது யாருக்கும் முக்கியமாகத் தெரியவில்லை. பிறகு ஒரு கோர்ட்டே உட்கார்ந்து இதைப் பற்றி அரை மணி நேரம் பேசியது.

கடற்காற்றில் இரும்பு நிலைக்காது. கைப்பிடியின் மேல் முனையைச் சுவரோடு பிணைத்திருந்த ஆணிகள் துருவேறி அரித்துப்போயிருந்தன. செப்டம்பரில் மாதா பிறந்த திருநாள் கழிந்த வாரம் பைண்டர் என்னிடம் வந்து சொன்னார்.

"டீச்சரம்மா, கைப்பிடி ஆடுது. மேல கீற ஆணி ரெண்டும் பூட்ச்சு. கொஞ்சம் பார்த்துக்கோங்க. ஊட்ல மாசமா கீறாங்க."

தச்சரை வரச் சொல்கிறேன் என்றேன். தச்சர் வந்தார், பார்த்தார், கட்டையும் உள்ளுக்குள் உளுத்துவிட்டது, முழுவதும் மாற்ற வேண்டும் என்றார். கிறிஸ்துமஸ் கழியட்டும் என்று நினைத்தேன். மழை தொடங்கியதும் பைண்டர் இரண்டாம் முறை சொன்னார். அன்று சாயங்காலம் துணி எடுக்கப் போனபோது நானே அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். கிணற்றடியில் கிடந்த பழைய தேங்காய்நார்க் கயிற்றை எடுத்து, கைப்பிடியின் மேல் முனையை ஜன்னல் கம்பியோடு சேர்த்து நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். மறுபடி ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை. அன்றோடு அதை மறந்துவிட்டேன்.

மறந்துவிட்டேன் என்பதுகூடச் சரியில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை ஏறும்போதும் என் கை கைப்பிடியைத் தொடாமல் சுவரைத் தடவிக்கொண்டே போனது. என் கைக்குத் தெரிந்திருந்தது.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய்விட்டு வந்து சாப்பிட்டு முடித்திருந்தோம். காலையில் பெய்த மழை விட்டிருந்தது. மாடியிலிருந்து பைண்டர் பதறிக்கொண்டு இறங்கி வந்தார். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, ஆற்காட்டிலிருந்து அவர் மாமியார் அடுத்த வாரம்தான் வருவதாக இருந்தது. அதற்குள் வலி வந்துவிட்டது. மருத்துவச்சியைக் கூட்டிவர மயிலாப்பூருக்கு ஓடினார்.

அரை மணியில் அவரோடு ரிக்ஷாவில் வந்து இறங்கினார் அந்த அம்மாள். முப்பத்தைந்து வயதிருக்கும். எழும்பூர் பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரியில் முறையாகப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவர், கணவரை இழந்தவர், கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் தங்கையோடு இருந்தார். மயிலாப்பூர் முழுக்க அவரை நர்ஸம்மா என்றுதான் கூப்பிடும். நான் படிக்குப் பக்கத்து வாசலில் நின்றிருந்தேன்.

"மாடிதானே?" என்றார்.

"ஆமாம், இந்தப் பக்கமா ஏறிப் போங்க."

கைப்பிடியைப் பிடிக்காதீர்கள் என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். நினைவுக்கு வரவில்லை. இடது கையில் பையும் வலது கை கைப்பிடியிலுமாக அவர் விறுவிறுவென்று ஏறினார். கடைசிப் படிகளில் ஈரத்தில் கால் லேசாக வழுக்கியது. விழாமல் இருக்கக் கைப்பிடியில் சாய்ந்தார். கயிறு அவிழவில்லை, முடிச்சும் இளகவில்லை. உளுத்த கட்டைதான் கயிற்றிலிருந்து பிய்ந்துகொண்டு வந்தது. கட்டையோடு அவரும் கீழே துணி துவைக்கும் கல்லின்மேல் விழுந்தார். கையை ஊன்றி விழுந்ததால் தலை தப்பியது. மணிக்கட்டு தப்பவில்லை.

அம்மா ஓடிவந்தாள். பைண்டர் வேறு மருத்துவச்சி கிடைப்பாளா என்று பார்க்க அதே ரிக்ஷாவில் திரும்பவும் ஓடினார். நர்ஸம்மா கல்லில் உட்கார்ந்தபடி தன் வலது கையை இடது கையால் தூக்கிப் பார்த்தார். மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. முகம் வெளுத்துப்போயிருந்தது. அந்த நேரத்தில் மேலேயிருந்து அந்தப் பெண் கத்தினாள். நர்ஸம்மா தலையைத் தூக்கிக் கேட்டார். அவருக்கு அந்தச் சத்தத்தில் ஏதோ புரிந்தது.

"நேரம் இல்ல. என்னை மேல தூக்கினு போங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போகணும் நீங்க," என்றாள் அம்மா.

"போலாம் பெரிம்மா. அந்தப் புள்ள ஆஸ்பத்திரிக்கு வராது இப்போ. தூக்குங்க."

சுவர்ப் பக்கமாக ஒட்டிக்கொண்டு நாங்கள் இருவரும் அவரை மேலே கொண்டுபோனோம். அறையில் பைண்டர் வீட்டில் செய்கிற வேலைக்காகக் கொண்டுவந்து வைத்திருந்த தடித்த அட்டைகள் அடுக்கியிருந்தன. நர்ஸம்மா சொன்னபடி அதில் ஒன்றை எடுத்து, மணிக்கட்டுக்கு அடியில் வைத்து, புத்தக முதுகுக்கு ஒட்டுகிற துணி நாடாவால் அம்மா கட்டினாள். அவர் ஒரு சத்தமும் போடவில்லை. கட்டி முடிந்ததும் என்னைப் பார்த்தார்.

"நீ வா. சோப்பு போட்டு முழங்கை வரிக்கும் கழுவு. நகத்துல அழுக்கு இருக்கக் கூடாது."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"எனக்குத் தெரியும். உனக்குக் கை கீது. போதும்."

அடுத்த அரை மணி நேரத்தை இன்றுவரை என்னால் ஒழுங்கான வரிசையில் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்தப் பெண் என் புடவைத் தலைப்பைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். அம்மா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டாள். அவள் அல்லாவைக் கூப்பிட்டாள். நர்ஸம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அட்டை கட்டிய கையை மடியில் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் டிக்டேஷன் சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னார். தலை வந்தது. அதன் பிறகு எதுவும் நகரவில்லை.

"கொடி கழுத்துல சுத்திகினு கீது," என்றார். குரல் மாறவே இல்லை. "பயப்படாதே. இழுக்காதே. உன் விரலைக் கொடிக்கு அடியில வுடு. வுட்டியா? மெள்ளத் தூக்கி, தலைக்கு மேலால கழட்டு. மாலையைக் கழட்ற மாரி."

கழற்றினேன். குழந்தை என் கைகளில் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. நீலமாக இருந்தது. முதுகைத் தேய் என்றார், தேய்த்தேன். இன்னும் தேய் என்றார். அது அழுதபோது எனக்குக் கண் தெரியவில்லை. பெண் குழந்தை.

வேறு மருத்துவச்சி கிடைக்காமல் திரும்பி வந்த பைண்டர், படிக்கு அடியில் நின்று அந்த அழுகையைக் கேட்டார். எல்லாம் முடிந்து, சுத்தம் செய்து, தாயின் பக்கத்தில் குழந்தையைப் போட்ட பிறகுதான் நர்ஸம்மா மயங்கி விழுந்தார். அவரைக் கீழே இறக்கும்போது மயக்கம் தெளிந்திருந்தது. ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த கயிற்றை அவர் பார்த்ததை நான் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்து மாவுக்கட்டுப் போட்டார்கள். இரண்டு மூன்று முறை ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனோம். நாங்களும் அவரும் சேர்ந்து ஒரு பெரிய காரியம் செய்து முடித்தவர்கள் போலப் பேசிச் சிரித்தோம். ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது வலது கை விரல்கள் பாதிதான் மடங்கின. அடிபட்ட கையோடு அத்தனை நேரம் உட்கார்ந்திருந்ததால் வீக்கம் அதிகமாகிவிட்டிருந்தது. பிள்ளைப்பேறு பார்க்கிற கை அது.

ஜனவரியில் வக்கீல் நோட்டீஸ் வந்தது.

அம்மா அதைப் படிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் சிவந்தது. "பழம் வாங்கிட்டுப் போனோமே, கஞ்சி வெச்சு அனுப்பினோமே. சிரிச்சுச் சிரிச்சுப் பேசிட்டு நம்ம மேலயே கேஸ் போடுறாளா?"

எனக்கும் வலித்தது. மறுநாள் பள்ளி விட்டதும் நேராகக் கச்சேரி ரோட்டுச் சந்துக்குப் போனேன். நர்ஸம்மா இடது கையால் அரிசி களைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா டீச்சரு, உக்காரு," என்று மணையை நகர்த்தினார். குரலில் எந்த வித்தியாசமும் இல்லை.

"எங்க மேல கோபமா உங்களுக்கு?" என்றேன்.

"உன் மேலயா? எனக்கு இன்னாத்துக்குக் கோவம்? அன்னிக்கு நீ இல்லாட்டி அந்தப் புள்ள பூட்டிருக்கும்."

"அப்போ நோட்டீஸ்?"

அவர் அரிசியைக் கீழே வைத்தார். வலது கையை என் முன்னால் நீட்டி, விரல்களை மடக்கிக் காட்டினார். பாதியில் நின்றன.

"கோவம் இல்லன்னா கை சரியாப்பூடுமா, சொல்லு? ரெண்டு மாசமா எந்த ஊட்டுக்கும் போவல. தங்கச்சி கான்வென்ட்ல துணி தெச்சுக் கொண்டாறா, அதுல சாப்பிடறோம். நான் உன் ஊட்ல வேலைக்கு வந்தேன், உன் ஊட்டுப் படி என்னைத் தள்ளிச்சு. இதுக்கு யாராச்சும் பதில் சொல்லணும் இல்லியா? நீ சொல்லுவியா, கோர்ட்டு சொல்லணுமா, அதான் கேட்டிருக்கேன்."

காபி குடித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் அங்கேயே பதில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்பாவின் நண்பர் ஒருவர் மயிலாப்பூர் மாட வீதியில் வக்கீலாக இருந்தார். எங்கள் குடும்பத்துப் பத்திரங்களெல்லாம் அவர்தான் பார்த்தது. நோட்டீஸைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பயப்படாதே குழந்தே. இதுல நமக்கு நெறைய இடம் இருக்கு."

அன்று அவர் விளக்கியதில்தான், ஒரு வீட்டுக்குள் வருகிறவர்களைச் சட்டம் எப்படியெல்லாம் வகை பிரித்து வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. வீட்டுக்காரர் தன் காரியமாக வரவழைத்த ஆள் என்றால், அவருக்கு அடிபடாதபடி வீட்டைக் கவனமாக வைத்திருக்க வேண்டும். சும்மா வரவிட்ட ஆள் என்றால் அவ்வளவு கடமை கிடையாது. தனக்குத் தெரிந்த, வருகிறவர் கண்ணுக்குத் தெரியாத ஆபத்தைப் பற்றி எச்சரித்தால் போதும். அனுமதியில்லாமல் நுழைந்தவர் என்றால் அதுவும் இல்லை.

"அந்த நர்ஸை அழைச்சது நீயா? இல்லே. குடியிருக்கிறவன் அழைச்சான். சரி, படி யார் வசம்? குடியிருக்கிறவன் வசம்னா கேஸே நிக்காது. ஆனா நீங்களும் துணி உலர்த்தப் போறேள். அது கொஞ்சம் இடிக்கறது. எல்லாத்துக்கும் மேல ஒரு கேள்வி இருக்கு. கைப்பிடி கெட்டுப்போனது நோக்குத் தெரியுமா தெரியாதா? அந்தக் கயிறை யார் கட்டினா?"

"நான்தான் சார்."

அவர் விசிறியை எடுத்து இரண்டு தரம் விசிறிக்கொண்டார். "யாராவது பார்த்தாளா?"

"இல்லை."

"அப்போ இதை நான் இன்னும் கேக்கலேன்னு வெச்சுக்கறேன். நீ ஆத்துக்குப் போய் யோசிச்சுண்டு வா."

அவரை நான் தவறாகச் சொல்லவில்லை. ஒரு பழைய நண்பரின் பெண்ணுக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாமோ அவ்வளவு கொடுத்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். தெரியாது என்று சொன்னால் போதுமாம் என்றேன். அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பைண்டர் கீழே வந்தார். குழந்தையைத் தோளில் போட்டிருந்தார். கோர்ட்டிலிருந்து தனக்கும் சாட்சி சம்மன் வந்திருப்பதாகச் சொன்னார். பிறகு வாசல் நிலையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்:

"டீச்சரம்மா, கயிறு நான்தான் கட்னேன்னு சொல்லிடறேன். உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, நான் சொல்லவே இல்லன்னு சொல்லிடறேன். இந்தக் கொழந்தை உங்க கையால பொறந்துச்சு. அதுக்கு நான் இது கூடச் செய்ய மாட்டேனா?"

என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. அவர் இரண்டு முறை சொன்னார். முதல் முறை சொன்னபோதே ஒரு தச்சரை விட்டுக் கட்டையை மாற்றியிருந்தால் நர்ஸம்மா நல்ல கையோடு வந்து, நல்ல கையோடு போயிருப்பார். இப்போது என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறேன் என்று வந்து நிற்கிறார். அதிலும், வீட்டை விட்டுக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்ற பயமும் அவர் குரலில் கொஞ்சம் இருந்தது. அதுதான் என்னை அதிகமாகச் சுட்டது.

"அப்படிச் சொல்லாதீங்க," என்றேன். "நடந்ததைச் சொல்லுங்க. ரெண்டு தரம் என்கிட்ட சொன்னீங்க, அதையும் சொல்லுங்க. வீட்டைப் பத்திக் கவலைப்படாதீங்க. நீங்க எத்தனை வருஷம் வேணும்னாலும் இருங்க."

அவர் என்னையே பார்த்தார். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "குழந்தையை இப்படிக் குடுங்க. வெயில்ல நிக்க வெச்சுப் பேசுறீங்க ரெண்டு பேரும்."

வக்கீலிடம் போய் நான் முடிவைச் சொன்னபோது, "அப்போ என்கிட்ட எதுக்கு வந்தே? நேரா அந்த நர்ஸுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடறதுதானே," என்று கோபமாகக் கேட்டார். எவ்வளவு கொடுப்பது நியாயம் என்று எனக்குத் தெரியவில்லை, அதைக் கோர்ட் சொல்லட்டும், சட்டத்தில் எங்கள் பக்கம் உண்மையாகவே என்ன இருக்கிறதோ அதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள் என்றேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்துவிட்டார். "உங்கப்பாவும் இப்படித்தான் என் பிராணனை வாங்குவார்," என்றார்.

விசாரணை நாளன்று அம்மாவும் நானும் லஸ்ஸில் டிராம் ஏறிப் பாரிமுனைக்குப் போனோம். கோர்ட் வராந்தாவில் நர்ஸம்மா தங்கையோடு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். வழக்கின் இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, கோர்ட்டுப் பியூனிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்ததை அவருடைய வக்கீல் வினோதமாகப் பார்த்தார்.

முதலில் பைண்டர் சாட்சி சொன்னார். படியை இரண்டு வீட்டாரும் பயன்படுத்துவதையும், தான் இரண்டு முறை சொன்னதையும் சொன்னார். பிறகு என்னைக் கூண்டில் ஏற்றி வேதாகமத்தில் சத்தியம் வாங்கினார்கள். எதிர்க்கட்சி வக்கீல் கேட்பதற்கு முன்னால் எங்கள் வக்கீலே அந்தக் கேள்வியைக் கேட்டார். பிறர் வாயால் பிடுங்கப்படாமல் நானாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும்.

"அந்தக் கயிற்றைக் கட்டியது யார்?"

இங்கிலீஷில் பதில் சொல்ல எனக்குத் தெரியும். தமிழில் சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற நர்ஸம்மாவுக்கும் புரிய வேண்டும்.

"நான்தான் கட்டினேன்."

"எதற்காக?"

"கைப்பிடி ஆடியது. ஆணி துருப்பிடித்திருந்தது. கட்டை உளுத்திருக்கிறது என்று தச்சரும் சொல்லியிருந்தார்."

நீதிபதி தலையை நிமிர்த்தினார். அவரே தமிழில் கேட்டார். "அந்த அம்மாள் ஏறும்போது நீங்கள் அங்கே இருந்தீர்களா?"

"வாசலில் நின்றிருந்தேன்."

"எச்சரித்தீர்களா?"

"இல்லை. ஏறிப் போங்கள் என்று சொன்னேன்."

அதைச் சொன்னதும், அத்தனை மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று அந்த நிமிஷமே எழுந்து போயிற்று.

பிறகு எங்கள் வக்கீல் சட்டத்தைப் பேசினார். மருத்துவச்சியை அழைத்தது வீட்டுக்காரர் இல்லை என்றார். சீமைத் தீர்ப்புகள் சிலவற்றை எடுத்துக் காட்டினார். நேர்மையாகவும் நன்றாகவும் பேசினார். நீதிபதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஒரு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. படி வீட்டுக்காரர் வசம் இருந்த பொதுப்படி. குடியிருப்பவர் வீட்டுக்கு அவசியமாக ஒருவர் வரும்போது வேறு வழியில்லாமல் அதில்தான் ஏற வேண்டும். ஆபத்து மறைந்திருந்தது, கயிறு அதை இன்னும் மறைத்தது, ஏனென்றால் பார்க்கிறவருக்குக் கைப்பிடி உறுதியாக இருப்பதாகவே தோன்றும். வீட்டுக்காரருக்குத் தெரியும், தெரிந்தும் சொல்லவில்லை. ஆகவே பொறுப்பு அவருடையது. அவர் உண்மையை ஒளிக்காததால் நஷ்ட ஈட்டைத் தவணையாகக் கட்ட அனுமதிக்கிறேன் என்று நீதிபதி ஒரு வரி சேர்த்திருந்தார்.

கயிறு ஆபத்தை மறைத்தது என்ற வாக்கியத்தை நான் பலமுறை படித்தேன். கட்டும்போது பாதுகாப்புச் செய்ததாகத்தான் நினைத்திருந்தேன்.

அண்ணன் ரங்கூனிலிருந்து, வீட்டை விற்றுத் தொலை என்று எழுதினான். அம்மா விற்கவில்லை. தன் வளையல்களைக் கழற்றிக் கொடுத்து, "கையில இருந்து என்ன செய்யுது இது," என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. தீர்ப்பன்று டிராமில் திரும்பும்போது மட்டும், ராயப்பேட்டை தாண்டியதும், "உங்கப்பா இருந்தா அந்தக் கைப்பிடியை மழைக்கு முன்னாடியே மாத்தியிருப்பார்," என்றாள். சற்றுப் பொறுத்து, "அவருக்கு அந்தக் குழந்தையைப் பிடிக்கத் தெரிஞ்சிருக்காது," என்றும் சொன்னாள்.

அந்த மாதமே தச்சர் வந்து தேக்கில் புதுக் கைப்பிடி போட்டார். படிகளையும் பலகை பலகையாகத் தட்டிப் பார்த்து மூன்றை மாற்றினார்.

நர்ஸம்மா ஒரு வருஷத்தில் இடது கையைப் பழக்கிக்கொண்டார். வலது கை பிடிமானத்துக்கு மட்டும் உதவியது. ஆனால் வீடு வீடாக அலைந்து, எந்தப் படி எப்படி இருக்குமோ என்று பயந்து பயந்து ஏற அவருக்கு மனமில்லை. எங்களிடமிருந்து வந்ததை வைத்து லஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியை வாடகைக்கு எடுத்தார். மூன்று கட்டில், ஒரு கண்ணாடி அலமாரி, தங்கை தைத்த வெள்ளைத் திரைகள். இனி பெண்கள் தன்னிடம் வரட்டும் என்றார். திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் எனக்கு ஆள் அனுப்பினார்.

"டீச்சரு, ஒரு நடை வந்து பாத்துட்டுப் போ. மாசமா கீறவங்க வர்ற இடம். எங்கனா ஒருத்தி விழுந்தா இனி நான்தான் பதில் சொல்லணும். எது உளுத்திருக்கும், எது வழுக்கும்னு உன் கண்ணுக்குத்தான் தெரியும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் பள்ளிக்கூடப் பையை வைத்துவிட்டு அறை அறையாகப் பார்த்தேன். முன்வாசல் நிலைப்படி உயரமாக இருந்தது. அதற்கு முன்னால் ஒரு பலகைப் படி வைக்கச் சொன்னேன். ஒரு கட்டிலின் கால் ஆடியது. பின்கட்டில் குளிக்கிற இடத்தில்தான் நின்றுவிட்டேன். தரைக்கல் ஒன்று பெயர்ந்து, தண்ணீர் தேங்கி, பாசி பிடித்திருந்தது. சாக்கடைப் பக்கம் தடுப்பும் இல்லை.

"இதை வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்களா?"

"மூணு வாட்டி சொன்னேன். ஆவட்டும் ஆவட்டும்ன்றாரு."

எனக்கு அந்தப் பதிலை நன்றாகத் தெரியும். நானும் மனசுக்குள் அதையேதான் சொல்லியிருந்தேன். ஒரு தாள் கேட்டு வாங்கி, அங்கேயே ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, அந்த வீட்டுக்காரருக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினேன். கல் பெயர்ந்திருக்கிறது, கர்ப்பிணிகள் வந்துபோகும் இடம், தங்களுக்கு மூன்று முறை வாய்மொழியாகத் தெரிவிக்கப்பட்டது, இப்போது எழுத்திலும் தெரிவிக்கப்படுகிறது. இவ்வளவுதான். மிரட்டல் ஒன்றும் இல்லை. நர்ஸம்மா இடது கையால் கையெழுத்துப் போட்டார். கோணலாக விழுந்தாலும் அழுத்தமாக விழுந்தது.

"இதுல இன்னா எழுதிக்கீற?" என்றார்.

"அவருக்குத் தெரியும்னு எழுதியிருக்கேன். இனிமே தெரியாதுன்னு அவரால சொல்ல முடியாது."

நர்ஸம்மா தாளை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த இங்கிலீஷ் எழுத்துகளைச் சற்று நேரம் பார்த்தார். "அவ்ளோதானா? இதுக்கே வருவாரா?"

மூன்றாம் நாள் கொத்தனார் வந்துவிட்டார். தளத்தை முழுக்கப் பெயர்த்துச் சொரசொரப்பான கடப்பைக் கல் பாவி, சாக்கடைக்குத் தடுப்புச் சுவரும் கட்டிக் கொடுத்தார்கள். அந்த வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. திறப்பு நாளன்று அவரே மனைவியோடு வந்து பாயசம் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு என்னைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மந்தைவெளியில் கிணற்றுக் கைப்பிடிச் சுவர் இடிந்த, பல குடித்தனங்கள் இருந்த ஒரு ஸ்டோர் வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். அடையாற்றுப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் வேலை செய்கிறவர் தளர்ந்துபோன இரும்புக் கேட்டைப் பற்றிச் சொன்னார். பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் பரண் சரியும் நிலையில் இருந்த ஒரு கடைக்காரரைப் பைண்டர் கூட்டி வந்தார். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் கூடத்து மேஜையில் உட்கார்ந்து எல்லோருக்கும் ஒரே மாதிரியான கடிதத்தைத்தான் எழுதிக் கொடுத்தேன். எது பழுது, யாருக்கு ஆபத்து, எப்போது சொன்னோம். பலர் ஒரு வாரத்தில் சரிசெய்தார்கள். சிலர் பதில் போடவில்லை. அவர்களுக்கு இரண்டாவது கடிதத்தை எங்கள் வக்கீல் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். "என்னையும் இழுத்து விட்டுட்டியே," என்பார். ஆனால் ஒரு கடிதத்தையும் திருப்பி அனுப்பியதில்லை.

இதற்குள் மேலே பிறந்த அந்தப் பெண் குழந்தை ஓடியாடத் தொடங்கியிருந்தாள். ஒரு சனிக்கிழமை நான் எழுதிக்கொண்டிருந்தபோது மேஜைக்கடியில் வந்து நின்று, என் பேனாவுக்காகக் கை நீட்டினாள். மந்தைவெளிப் பெண்களில் ஒருத்தி அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "நீங்க எழுதுங்க டீச்சரம்மா, நான் பார்த்துக்கறேன்," என்றாள். கிணற்றுச் சுவர் எத்தனை அடிக்கு இடிந்திருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.